கோவில் கொடைக்கு எல்இடி திரையில கூட்டத்து மெசேஜ் போடணும்: எப்படிச் செய்யலாம்?

பொதிகைச்சாரல் கேட்டது:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

எங்க ஊரு அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்க, ஆத்தோரம். சித்திரை கடைசிச் செவ்வாய் அம்மன் கொடைத் திருவிழா. திங்க ராத்திரி குடியழைப்பு, செவ்வாய் வில்லுப்பாட்டு, மதியக்கொடை, சாமக்கொடை. புதன் மஞ்சத்தண்ணி, அன்னைக்கு ராத்திரி பாட்டுக் கச்சேரி. வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி போட்டு நடக்குத கொடைதான், பெரிய துட்டெல்லாம் கிடையாது. இந்த வருசம் துபாய்ல இருக்க நம்ம பயலுவ சேர்ந்து எல்இடி வாலுக்கு (சுவர் மாதிரி பெரிய திரை) பணம் அனுப்பிட்டானுவ. அகலம் 13 அடி, உயரம் 8 அடி. அவனுவ போட்ட ஒரே கண்டிஷன்: கச்சேரி நடக்கும்போது கூட்டத்துல இருக்கவங்களும், யூடியூப் லைவ் பார்க்குத வெளியூர்க்காரங்களும் அனுப்புத மெசேஜ் திரையில வரணும்.

போன வருசம் ஒரு புரொஜக்டர் வாங்கிட்டு வந்து இதையே செஞ்சு பார்த்தோம். என் போன் திரை அப்படியே புரொஜக்டர்ல தெரியுத மாதிரி காஸ்ட் பண்ணி, வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து வச்சுட்டேன். பத்து நிமிசம் நல்லாத்தான் போச்சு. எட்டு மணி வாக்குல மேல இருந்து ஒரு நோட்டிஃபிகேஷன் இறங்குச்சு: பைக் லோன் தவணை ரெண்டு மாசமா பாக்கி, உடனே கட்டவும். தொகையோட. பாட்டுக்காரரு பல்லவிய விட்டுட்டு சிரிச்சுட்டாரு. எங்க அம்மா பொம்பளையாளுக பக்கம் முதல் வரிசை. மிச்சத்த நான் சொல்ல வேண்டாம்.

அதனால இந்தத் தடவை முறையா செய்யணும். எஸ்எம்எஸ்ஸா, வாட்ஸ்அப்பா, வேற ஏதாவதா? தமிழ் எழுத்து ஒழுங்கா வருமா? 800 பேர் வருவாங்க. எங்க ஊர்ல டவர் ஒண்ணே ஒண்ணு.

---

அரைப்புள்ளி:

தம்பி, நான் பெங்களூர்ல கோடு எழுதுறவன், சொந்த ஊர் பாவூர்சத்திரம். டெக்னிக்கல் பக்கம் மட்டும் சொல்றேன்.

முதல்ல போனைக் காஸ்ட் பண்ற வேலையே வேண்டாம். மெசேஜ் ஒரு இடத்துல வந்து சேரணும், திரைக்குப் போறது வேற இடமா இருக்கணும். வசதின்னா டெலிகிராம் பாட், அதாவது மெசேஜைத் தானா வாங்கி வைக்குற கணக்கு. இலவசம், அரை மணி நேரத்துல உண்டாக்கிடலாம். ஆனா கொடைக்கு வர்ற பெரியவங்க எத்தனை பேர்கிட்ட டெலிகிராம் இருக்கு? வாட்ஸ்அப் எல்லார்கிட்டயும் இருக்கு. அதுல தானியங்கியா மெசேஜ் எடுக்கணும்னா அவங்க பிசினஸ் ஏபிஐ (நம்ம மென்பொருளை அவங்களோட இணைக்குற வழி) மூலமாத்தான் முறை. நெட்டுல கிடைக்குற திருட்டு ஸ்கிரிப்டைப் போட்டா நம்பரையே பிளாக் பண்ணிடுவாங்க, அதுவும் சரியா கொடை அன்னைக்கு. ஒருத்தர் உட்கார்ந்து பார்த்து, காப்பி பண்ணிப் போடுறதா இருந்தா ஏபிஐ எல்லாம் வேண்டாம். புது சிம், வாட்ஸ்அப் வெப், அவ்வளவுதான்.

ஒரே டவர்னு சொல்ற பாருங்க, அங்கதான் பழைய எஸ்எம்எஸ் கை கொடுக்கும். அது இன்டர்நெட் வழியா போறதில்ல, டவரோட சிக்னலிங் பாதையில போகுது. 800 பேரும் ஒரே நேரத்துல வீடியோ அனுப்பி டேட்டா நெரிஞ்சு கிடந்தாலும் எஸ்எம்எஸ் கொஞ்சம் பிந்தியாவது வந்து சேரும். பழைய யூஎஸ்பி டாங்கிள்ல ஒரு சிம்மைப் போட்டு, கம்மு என்கிற இலவச மென்பொருளை ஓட்டினா வர்ற எஸ்எம்எஸ் எல்லாம் லேப்டாப்ல வந்து விழும். வாங்குறதுக்கு மட்டும்னா எந்தப் பதிவும் தேவையில்ல. மொத்தமா எஸ்எம்எஸ் அனுப்புற கேட்வே சேவையைப் பிடிச்சு "உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி"ன்னு எல்லாருக்கும் மொத்தமா திருப்பி அனுப்பணும்னா டிராயோட (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2018 விதிப்படி டிஎல்டி பதிவு வேணும், அதாவது அனுப்புறவங்க பேரையும் செய்தி வடிவத்தையும் முன்கூட்டியே பதியணும். நன்றி சொல்லாம விட்டுடுங்க.

நீளம் ஒரு விஷயம். இங்கிலீஷ்ல ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழ்ல 70. அந்த 70ம் நாம எண்ணுற எழுத்து இல்ல, குறியீடு. "அம்மன் கோவில் கொடை" நம்ம கணக்குல 9 எழுத்து. எஸ்எம்எஸ் கணக்குல புள்ளி தனி, கொக்கி தனி, இடைவெளி தனி, மொத்தம் 18. ஒரு எமோஜி போட்டா அதுக்கு 2. ஆக ஒரு தமிழ் எஸ்எம்எஸ்ல தோராயமா 40 எழுத்துதான் அடங்கும்.

சும்மா ஒரு தகவல்: இந்த 160 எங்கிருந்து வந்ததுன்னா, 1985ல ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட்னு ஒரு ஜெர்மானியர் டைப்ரைட்டர்ல வாக்கியம் வாக்கியமா அடிச்சு எண்ணிப் பார்த்திருக்கார். தபால் கார்டுல ஜனங்க எழுதுறதையும் பார்த்தார். பெரும்பாலும் 150க்குள்ளயே முடிஞ்சிருக்கு. அவர் நம்ம தமிழை எண்ணிப் பார்க்கல.

எழுத்து சிதறாம வரணும்னா ஓபிஎஸ்னு லைவுக்கும் திரைக்கும் படம் கோக்குற மென்பொருள் இருக்கு, அதுல பிரவுசர் சோர்ஸ் (வெப் பக்கத்தை அப்படியே காட்டுற வசதி) வச்சு, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவுல காட்டுங்க. சும்மா டெக்ஸ்ட் சோர்ஸ்ல போட்டு நான் ஒருதரம் பட்டிருக்கேன், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு நின்னுச்சு.

---

மைக்செட்டு அண்ணாச்சி:

பெங்களூர்த் தம்பி சொன்னது எல்லாம் சரிதான். மிசினு ஓடும். ஆனா ஓடுத மிசினை நிறுத்ததுக்குத்தான் ஆளு வேணும். அதைச் சொல்லுதேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கிடும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது பதினாறு வயசுல, வேப்பமரத்துல குழாய் கட்டுததுக்கு. இப்ப எல்இடி வாடகைக்கு விடுதேன். இடையில மைக்கு, ஆம்ப்ளிபயர், சீரியல் செட்டு, எல்லாம் தொட்டாச்சி.

கூட்டத்து மெசேஜை மேடையில போடுதது என்னமோ புதுசுன்னு நெனைக்காவ. வில்லுப்பாட்டு நடக்கும்போது சீட்டு வருமா இல்லையா? 51 ரூவாயோட ஒரு துண்டுக் காயிதம், இன்னார் அன்பளிப்புன்னு. கச்சேரின்னா "இந்தப் பாட்டைப் பாடுங்க"ன்னு சீட்டு. நெல்லை வானொலி 1963ல ஆரம்பிச்சது, அப்புறம் நேயர் விருப்பத்துக்கு எங்க அக்கா கார்டு போட்டுட்டு, பேரு வருதான்னு ரேடியோப் பொட்டிக்கு முன்னால உக்காந்து கெடப்பா. வீட்டு ஆளுக அத்தனை பேரு பேரும் அந்தக் கார்டுல இருக்கும், ஆட்டுக்குட்டி பேரு மட்டுந்தான் பாக்கி. அதே ஆசைதான் இப்ப செல்லுல வருது.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த முதலாளி கொடையில சீட்டு வாசிப்பாரு. காயிதத்தை வாங்குவாரு, கண்ணாடியை இறக்கி ஒரு பார்வை பார்ப்பாரு, அப்புறந்தான் மைக்குக்கு வாய் போவும். சில சீட்டைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம வெத்தலைப் பொட்டிக்கு அடியில சொருகிட்டு, "அடுத்ததாக"ன்னு போயிருவாரு. எவனாவது எவளுக்காவது பாட்டு கேட்டிருப்பான். இல்லன்னா வரி கொடுக்காதவன் பேரை எவனாவது வம்புக்கு எழுதியிருப்பான். விடிஞ்சதும் அந்தச் சீட்டை எல்லாம் அடுப்புல போட்டுருவாரு. நாங்க கேட்டாலும் காட்ட மாட்டாரு. ஒரு சீட்டு அவரு கையில மூணு செகண்டு நிக்கும். நீங்க வாங்குத சாப்ட்வேர்ல அந்த மூணு செகண்டு இருக்கான்னு முதல்ல பாரும்.

எனக்கு அது புரிஞ்ச கதையைச் சொல்லுதேன். ஊரு பேரு வேண்டாம். கமிட்டிக்காரப் பையன் ஒருத்தன், "அண்ணாச்சி, கெட்ட வார்த்தை எல்லாம் லிஸ்டு போட்டுத் தடுத்தாச்சி, சாதிப் பேரு, கட்சிப் பேரு, நடிகர் பேரு எல்லாம் தடுத்தாச்சி, ஆளே வேண்டாம், தானா ஓடும்"னான். நானும் நம்பிட்டேன். அரை மணி நேரம் "அக்கா மகளுக்குப் பிறந்தநாள்", "சூப்பர்"ன்னு ஓடுச்சி. அப்புறம் ஒரு மெசேஜ். எழுத்தே கிடையாது. இதயம் ரெண்டு, பக்கத்துல பக்கத்துல, ரெண்டு கலரு. அவ்வளவுதான். பந்தலுக்கு வடக்க ஒரு விசில் கிளம்புச்சி. ரெண்டாவது மெசேஜ், வேற ரெண்டு கலரு. இப்ப தெக்க விசில். மூணாவதுல ஒரே இதயமா வரிசைக்கு இருபது. நம்ம பக்கத்து ஆளுக்கு இதை விளக்க வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ கையில கட்டுத கயிறுக்கே சாதிக் கலரு பாக்குத ஊரு. லிஸ்டுல எந்த வார்த்தையும் இல்லியே, மிசினு எதைத் தடுக்கும்?

பயந்து போயி நான் ஒரு முட்டாத்தனம் பண்ணினேன். ஜெனரேட்டரை அணைச்சிட்டேன். திரையோட லைட்டும் போச்சி, மைக்கும் போச்சி. இருட்டுல நாற்காலி சத்தம் கேட்டுது. ரெண்டு நிமிசந்தான், பெரியாளுக குறுக்க பாஞ்சு அமத்திட்டாவ. ஆனா அந்த ரெண்டு நிமிசம் இருட்டாக்குனது நான்தான்.

அதுல இருந்து எங்கிட்ட ரெண்டு பழக்கம். ஒண்ணு, எமோஜியே திரைக்குப் போவாது. பூவோ, கிளியோ, ஒண்ணும் கிடையாது. கேட்டா "எங்க மிசின்ல வராதுய்யா"ம்பேன். ரெண்டாவது, கீபோர்டுல ஒரு பொத்தானுக்கு அம்மன் படம் வச்சிருவேன். ஏதாவது கோளாறுன்னா அதைத் தட்டினா முழுத் திரைக்கும் அம்மன் நிப்பா. கறுப்பா ஆக்கினா "என்னமோ ஆச்சி"ன்னு ஜனம் எந்திரிக்கும். அம்மனைக் கண்டா கையெடுத்துக் கும்பிடும். திரைக்கும் மைக்குக்கும் ஜெனரேட்டரைப் பிரிச்சி வச்சிரும், ஒண்ணு போனா ஒண்ணு பேசணும்.

இப்ப உம்ம கணக்குக்கு வாரேன். உம்ம வாலு 13க்கு 8ன்னா, அரை மீட்டர் கேபினெட்டு (சதுரப் பொட்டி) குறுக்க எட்டு, உயரத்துக்கு அஞ்சு. பி 3.91ஆத்தான் இருக்கும், புள்ளிக்குப் புள்ளி 3.91 மில்லிமீட்டர். அகலம் 1024 புள்ளி, உயரம் 640 புள்ளி. கடைசி வரிசை 150 அடி தள்ளி இருந்தா எழுத்து அரை அடி உசரமாவது இருந்தாத்தான் கண்ணுக்குத் தட்டும். அரை அடின்னா 39 புள்ளி. அப்படிப் போட்டா ஒரு வரிக்கு இருபது தமிழெழுத்து நிக்கும். ரெண்டு வரி வையும், நாப்பது. பெங்களூர்த் தம்பி எஸ்எம்எஸ்ஸுக்குச் சொன்ன அதே நாப்பது, பாத்துக்கிடும். மூணாவது வரி போட்டா பாட்டுக்காரரு மூஞ்சி மறையும், அப்புறம் அவரு துட்டு கொறைச்சா வாங்குவாரு?

ஓடுத எழுத்து வேண்டாம். நின்னு, போயி, அடுத்தது நிக்கணும். படிக்கத் தடுமாறுத ஆளுக்கும் சேர்த்து ஒண்ணுக்கு 10 செகண்டு. அப்ப மணிக்கு 360. உம்ம 800 பேருல 500 பேரு ஆளுக்கு ரெண்டு அனுப்பினா ஆயிரம், மூணு மணி நேரம் ஆவும். இடையில பாட்டும் கேக்கணுமே? அதனால எல்லாத்தையும் போடுவோம்னு மட்டும் சொல்லிராதீரு. "வந்ததுல சிலது"ன்னு மைக்குல மொதல்லயே சொல்லிரும். வெள்ளை எழுத்து வேண்டாம், ராத்திரி கண்ணு கூசும். கருநீலத்துல மஞ்சள், வாலோட வெளிச்சத்தையும் நல்லா இறக்கிரும்.

லேப்டாப்பு ரெண்டு. ஒண்ணுல மெசேஜ் வரும், அது திரையோட சேராது. ஒயரே கிடையாது. பார்க்குத ஆளு நல்லதை எடுத்து ரெண்டாவதுக்கு அனுப்பணும், அங்க இருக்கவன் இன்னொரு தரம் பார்த்துட்டு விடணும். ரெண்டு பேரும் ஒரே தெருக்காரனா இருக்கக் கூடாது. ஏன்னு கேக்காதீரும். ஒருத்தி பொம்பளப் பிள்ளையா இருந்தா இன்னும் நல்லது, நமக்கு வெளங்காத கேலி எல்லாம் அவியளுக்கு வெளங்கும்.

கடைசியா ஒண்ணு. செவ்வாக்கெழமை இந்த வேலையே வேண்டாம். வில்லு நடக்கும்போதும், சாமி ஆடும்போதும் திரையில எவன் பிறந்தநாளும் வரக்கூடாது. புதன் கச்சேரிக்கு மட்டும் வையும். பத்து மணிக்கு மேல மைக்குக்கு அனுமதி வாங்கியாச்சா?

---

பாளை டீச்சர்:

அண்ணாச்சி எல்லாம் சொல்லிட்டாங்க, ஒண்ணு விட்டுப்போச்சு. அனுப்பினவங்க நம்பர் திரையில வரவே கூடாது. கடைசி நாலு எண் மட்டும் போடுறோம்னும் வேண்டாம். எங்க காலேஜ் விழாவில எக்ஸ்எக்ஸ் போட்டு மறைச்சிருக்கோம்னு சொன்னாங்க. ஒரு பொண்ணோட மெசேஜ் வரும்போது மறைக்காம வந்துடுச்சு. ரெண்டு செகண்டுதான் இருந்துச்சு. போட்டோ எடுக்க ரெண்டு செகண்டு போதும். அன்னைக்கு ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு மிஸ்டு கால். அவ அப்பா செல்லைப் பிடுங்கி வச்சுக்கிட்டார். தப்பு அவ பண்ணல, தண்டனை அவளுக்கு. அடுத்த நாள் நான்தான் வீட்டுக்குப் போய்ப் பேசினேன்.

பேரும் முழுசா வேண்டாம். "மேலத்தெருவிலிருந்து", "மும்பையிலிருந்து"ன்னு இடத்தைப் போடுங்க. ஆமா, தெருப் பேரே உங்க ஊர்ல வம்புன்னா அதையும் விட்டுடுங்க. விழா முடிஞ்சதும் வந்த மெசேஜ், நம்பர் எல்லாத்தையும் அழிச்சிட்டேன்னு கமிட்டிக்கு முன்னால சொல்லணும். அடுத்த தேர்தலுக்கு எவனாவது அந்த லிஸ்டைக் கேட்டு வருவான்.

---

பொதிகைச்சாரல்:

டீச்சர், அண்ணாச்சி, அரைப்புள்ளி அண்ணன், மூணு பேருக்கும் நன்றி. எஸ்எம்எஸ்ஸும் வாட்ஸ்அப்பும் ரெண்டும் ஒரே புது சிம்ல வச்சுக்கிடுதோம். எமோஜி கிடையாது. ஆனா யூடியூப் லைவ் பார்க்குதவங்க கமெண்ட்டு? அது பிந்தி வருமே?

---

அரைப்புள்ளி:

சாதாரண லைவ்ல அரை நிமிசம் வரைக்கும் பிந்தும். செட்டிங்ஸ்ல தாமதத்தைக் குறைக்க வழி இருக்கு, ஆனா ஒரே டவர் நெட்டுல அதைப் போட்டா படம் சுத்திக்கிட்டே நிக்கும். பிந்தினா பிந்தட்டும். "இந்தப் பாட்டு சூப்பர்"னு அவங்க அனுப்புறது அடுத்த பாட்டுல வரும், அவ்வளவுதானே.

---

பொதிகைச்சாரல் (மூணு வாரம் கழிச்சு):

கொடை முடிஞ்சுது. நடந்ததைச் சொல்லிருதேன்.

அண்ணாச்சியே வந்து வாலு கட்டிக் கொடுத்தாவ. கேட்டு மெசேஜ் போட்டேன், பார்த்தா அடுத்த ஊருதான் அவியளுக்கு. முதல் லேப்டாப்புல எங்க சித்தி மக, பி.காம் ரெண்டாம் வருசம். ரெண்டாவதுல கீழத்தெருவுல இருந்து ஒரு பையன். ரெண்டு பேரும் அதுக்கு முன்ன பேசிக்கிட்டதே இல்ல. மூணு மணி நேரத்துல 412 வந்துச்சு, 170 போட்டோம். கழிச்சதுல பாதிக்கு மேல வெறும் ஹாய். நாலஞ்சு வம்பு. ரெண்டு இதயம் போட்டதும் வந்துச்சு, அண்ணாச்சி சொன்ன மாதிரியே. தங்கச்சி அதைக் காட்டிட்டு ஒண்ணும் பேசாம அழிச்சா. என் லோனைப் பத்தி விசாரிச்சு மட்டும் ஆறு மெசேஜ் வந்துச்சு. கட்டியாச்சுவே, கட்டியாச்சு.

ஒன்பது மணிக்கு நெட்டு சுத்தமா படுத்துருச்சு. வாட்ஸ்அப் நின்னுபோச்சு, எஸ்எம்எஸ் மட்டும் சொட்டுச் சொட்டா வந்துச்சு. நெட்டு திரும்ப வாற வரைக்கும் பத்து நிமிசம் அம்மன் படத்தைத்தான் போட்டு வச்சோம். கிழவிக ரெண்டு பேரு எந்திரிச்சு வந்து திரைக்கு முன்னால சூடம் கொளுத்தப் பார்த்தாவ. அண்ணாச்சிதான் ஓடிப்போயி தடுத்தாவ.

பத்தாக இருபது நிமிசம் இருக்கும்போது மும்பை தாராவியில இருந்து ஒரு எஸ்எம்எஸ். "தெற்குத் தெரு முக்கு வேப்பமரம் இன்னும் நிக்கா? கேமராவைத் திருப்புங்க." தங்கச்சி இதைத் திரைக்கு விடவா வேண்டாமான்னு என்னைப் பார்த்தா. விடுன்னேன். கேமராக்காரன் மேடையை விட்டுட்டு அந்தப் பக்கம் திருப்பினான். மரத்துல நாங்க கட்டின சீரியல் லைட்டு, அடியில ரெண்டு நாய், ஒரு ஐஸ் வண்டி. லைவ்ல போச்சு, திரையிலயும் வந்துச்சு. அதுக்கப்புறம் பாட்டுக்காரரு பாடினதை யாரு கேட்டா? "எங்க வீட்டைக் காட்டுங்க", "வாய்க்கால் பாலத்தைக் காட்டுங்க", "எங்க அம்மா கூட்டத்துல இருக்காவளா"ன்னு துபாய், தாராவி, திருப்பூர்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. கேமராக்காரன் ஒயரு எட்டுத மட்டும் திருப்பிக் காட்டினான்.

நம்பர், மெசேஜ் எல்லாம் மறுநாள் கமிட்டிக்கு முன்னால அழிச்சாச்சு டீச்சர்.

---

மைக்செட்டு அண்ணாச்சி:

எல்லாம் சரி தம்பி. என் எச்டிஎம்ஐ ஒயரு ரெண்டு உங்க பந்தல்லயே கெடக்கு, நீளம் உள்ளது. பந்தக்காரன் சுருட்டிட்டுப் போறதுக்கு முன்னால எடுத்து வச்சிரும். பாக்கி வாடகையையும் அதோட கொடுத்து அனுப்பிரும். திரையில போட்டா கேப்பேன்?